பதினாலு லட்சம் கார்சியாக்களில் ஒருவர்

சத்தூரியோ கார்சியாவுக்கு மனைவி பசிலிசா மேல் ஒரு குறையும் கிடையாது. நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் வைத்த ஆட்டுக்கறிக்கே கோயில் கட்டலாம். அவருக்கு ஆகாதது அவளுடைய குடும்பப் பெயர் மட்டும்தான். ஓர்னசால் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனிதருக்கு அடிவயிற்றிலிருந்து எரிய ஆரம்பித்துவிடும்.

பெயர் மேல் கூடவா ஒருவர் பொறாமைப்படுவார் என்று கேட்காதீர்கள். சோரியா மலைப்பக்கத்தில், வால்தெகால் மாதிரி எண்பது வீட்டு ஊரில், கார்சியா என்ற பெயரோடு பிறந்து பாருங்கள், புரியும். நாடு முழுக்கப் பதினாலு லட்சம் கார்சியா. சரி, அம்மா வழியில் வந்த இரண்டாவது பெயராவது கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்கக் கூடாதா? அது பேரெஸ். தெருவுக்கு நாலு. ஓர்னசாலோ தேசத்திலேயே பதினேழு பேர். புள்ளிவிவர இலாகா இணையத்தில் போட்டிருக்கும் பெயர் வரைபடத்தில் அதைத் தட்டிப் பார்த்தால், இருபது பேருக்குக் குறைந்த பெயர்களைக் காட்டுவதில்லை என்று வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் பசிலிசா அதைத் தட்டிக் காட்டிவிடுவாள்.

"பாத்தீங்களா? கவர்ன்மெண்டே எங்களப் பொத்திப் பொத்தி வச்சிருக்கு."

சத்தூரியோ அந்த நேரம் பார்த்து விறகு எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

மகன் பிறந்தபோது முறைப்படி அவரே போய்ப் பதிந்துவிட்டு வந்தார்: காஸ்பர் கார்சியா ஓர்னசால். அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும். அங்கே கார்சியா என்று கூப்பிட்டால் ஆறு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வாத்தியார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையனை ஓர்னசால் ஆக்கிவிட்டார். அப்புறம் ஓர்னசால் கால்பந்து ஆடினான், ஓர்னசால் பல் வைத்தியம் படித்தான். இன்றைக்கு சோரியா நகரத்தில் அவன் கிளினிக் வாசலில் 'டாக்டர் ஜி. ஓர்னசால்' என்று பித்தளைப் பலகை தொங்குகிறது. அப்பனுடைய பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் போயிற்று. அவர்கள் மொழியில் இரண்டு பெயருக்குமே முதலெழுத்து ஜிதான்; அதுகூடக் கார்சியாவுக்கான எழுத்தா, காஸ்பருக்கான எழுத்தா என்பது யாருக்கும் தெரியாது.

இதையும் பொறுத்துக்கொண்டார். தபால்காரராக முப்பத்தெட்டு வருடம் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியவர், பொறுமைக்குப் பழகியவர்தான். பொறுக்க முடியாமல் போனது கடிதங்களால். இருபது வருடத்துக்கு முன்னால் பசிலிசா தன் பெயரின் மூலத்தைத் தேடப் போகிறேன் என்று ஆரம்பித்து, உலகத்தில் எங்கெல்லாம் ஓர்னசால் இருக்கிறார்களோ அங்கெல்லாம் எழுதிப்போட்டாள். பதில்கள் வந்தன. உருகுவேயிலிருந்து நிக்கானோர் ஓர்னசால் என்ற, மனைவியை இழந்த ஒரு மனுஷன் மாதம் தவறாமல் எழுதினான். 'என் அன்புக்குரிய பசிலிசா, நம் ரத்தம்' என்று உறை மேலேயே எழுதுவான். அதைத் தன் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பெண்டாட்டி கையிலேயே சத்தூரியோ கொடுக்க வேண்டும். கொடுத்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அடுத்தவர் கடிதம் எதையும் பிரித்ததில்லை என்ற ஒரே பெருமைதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

அந்த ஜூலையில் காஸ்பர் மனைவி நெரேயாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு எட்டாம் மாதம். சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அப்பா, என் பேரைத் திருப்பிப் போட்டுக்கலாம்னு இருக்கேன். ஓர்னசால் முன்னாடி, கார்சியா பின்னாடி. பதிவாளர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துதான்."

"எதுக்கு?"

"குழந்தைக்கு என் முதல் பேர்தான போகும்? இப்படியே விட்டா ஓர்னசால் என்னோட முடிஞ்சிரும். கார்சியாவுக்கு என்ன குறைச்சல், பதினாலு லட்சம் பேர் இருக்காங்க."

"எனக்கு நீ ஒருத்தன்தான்டா," என்றார் சத்தூரியோ.

பசிலிசா முகத்தில் சந்தோஷம் தெரிந்ததாக அவருக்குத் தோன்றியது. ஆகஸ்ட்டில் ஊர்த் திருவிழாவுக்கு உலகத்து ஓர்னசால்கள் எல்லாம் கூடப் போகிறார்கள், அது முடிந்த திங்கட்கிழமை பதிவாளரிடம் போகிறேன் என்று காஸ்பர் நாள் குறித்துவிட்டான்.

விஷயம் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? மதுக்கடை தோமே, சத்தூரியோவின் வெர்மூத் கோப்பையில் ஆலிவைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்துவிட்டான்.

"என்னய்யா சத்தூர், பேரப்பிள்ளைக்கு உன் பேரு வராதாமே? அட விடு, உன் மூக்காவது வரும்."

"உன் வேலையப் பாருடா."

"என் வேலைதான் இது. கூட்டத்துக்கு இருபத்தொம்போது பேர் வர்றாங்களாம். நீ வாசல்ல நின்னு பன்னீர் தெளிப்பியா?"

கடையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் கார்சியா. இனப்பற்று கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

கூட்டத்துக்கு முந்தின நாள் நிக்கானோர் வந்து இறங்கினான். எழுபது வயதுக்கு அவ்வளவு நிமிர்ந்த முதுகு ஒருவனுக்கு இருக்கக் கூடாது. வெள்ளி மாதிரி முடி, கை விரலில் குலச்சின்னம் போட்ட மோதிரம். கோட்டையும் சிங்கமும் கொத்தியிருந்தது. அரசருக்காக வாளெடுத்த ஒரு வீரனிடமிருந்துதான் ஓர்னசால் வம்சம் வந்தது என்று இணையத்தில் யாரோ விற்ற பட்டயத்தை நம்பி அந்த மோதிரத்தைச் செய்து மாட்டியிருந்தான். பசிலிசாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அது வழக்கம்தான். ஆனால் வழக்கத்துக்கு மேல் ஒரு நொடி அவள் தோளைப் பிடித்திருந்ததை சத்தூரியோ எண்ணி வைத்துக்கொண்டார். அவளும் அன்றைக்குப் பார்த்து நல்ல கம்மல் போட்டிருந்தாள்.

"இவர்தான் தபால்காரரா!" என்று நிக்கானோர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "என் கடிதமெல்லாம் பத்திரமா கொண்டு சேர்த்தீங்களே, ரொம்ப நன்றி."

இருபது வருடமாகப் புருஷன் என்று எழுதியிருப்பாளா, தபால்காரர் என்று எழுதியிருப்பாளா? அந்தக் கேள்வி சத்தூரியோவை மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் இறங்கவிடவில்லை. பசிலிசா விருந்தாளிகளுக்குக் கழுத்து அட்டை எழுதி வைத்திருந்தாள். ஓர்னசால்களுக்குச் சிவப்பு. கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வெள்ளை. அதில் 'உடன் வந்தவர்' என்று போட்டிருந்தது. சொந்த ஊரில், சொந்த வீட்டில், அவர் உடன் வந்தவர்.

மதியத் தூக்கத்தில் ஊரே அடங்கிய நேரம். பசிலிசாவும் உள்ளே படுத்திருந்தாள். சமையலறை மேசை மேல் நாளைக்கு அவள் பேசப் போகிற காகிதக் கட்டு கிடந்தது. சத்தூரியோ அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, முப்பத்தெட்டு வருடம் காப்பாற்றிய பெருமையை ஒரு விரலால் தள்ளிவிட்டு, கயிற்றை அவிழ்த்தார்.

மேலே வரைபடம். அடியில் ஒரு நகல், பழைய ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்கம். பக்கத்திலேயே பசிலிசாவின் கையெழுத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தாள். '1691, மார்ச். ஓர்னசால் என்ற மேட்டில், சுண்ணாம்புக் காளவாய் வாசலில், பிறந்து சில நாளான ஆண் குழந்தை கிடந்தது. தாய் தகப்பன் தெரியாது.'

சத்தூரியோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதுதானா? கோட்டையும் சிங்கமும் இதுதானா? காளவாய் வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை! அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கீழே இன்னொரு தாளும் இருந்தது. அதைப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. கயிற்றை முன்பு இருந்த மாதிரியே கட்டி வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் நிரம்பிவிட்டது. சிவப்பு அட்டைகள் முன் வரிசையில். ஊர்க்காரர்கள் சுவரோரம். பசிலிசா வரைபடத்தைத் தொங்கவிட்டுக் குண்டூசி குத்திக் காட்டினாள். வால்தெகாலில் ஒன்பது பேர். குளிர்காலத்துக்கு ஆட்டு மந்தையோடு தெற்கே நடந்து போனவர்களில் ஒருவன் காசெரெசில் ஒரு விதவையோடு தங்கிவிட்டான், அந்தப் பக்கம் எட்டுப் பேர். பட்டாளத்துக்குப் பயந்து கப்பலேறிய இன்னொருவனால் உருகுவேயில் இருபத்தாறு. மொத்தம் நாற்பத்து மூன்று. மேலே அம்பு போட்டுப் பின்னோக்கி வந்தால் எல்லோரும் ஒரே ஆளிடம் போய் முடிகிறார்கள்.

"அந்த ஒரே ஆள் யாருன்னு சொல்றதுக்கு முன்னாடி…" என்று பசிலிசா நிறுத்தினாள். அவள் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது.

நிக்கானோரைத்தான் தேடுகிறாள் என்று சத்தூரியோ முடிவு செய்துகொண்டார். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

"நான் சொல்றேன்! வீரனுமில்ல, வெங்காயமுமில்ல. காளவாய் வாசல்ல கெடந்த அனாதப் பய! ஆத்தா யாரு, அப்பன் யாருன்னே தெரியாது. இதுக்குத்தான் மோதிரம், இதுக்குத்தான் மேப்பு! காஸ்பர், கேட்டுக்கடா. இந்தப் பேருக்காகவா அப்பன் பேரப் பின்னாடி தள்ளப் போற?"

யாரும் சிரிக்கவில்லை. தோமேகூடச் சிரிக்கவில்லை. முன் வரிசையில் காசெரெசிலிருந்து வந்த ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். நிக்கானோர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். சத்தூரியோவுக்கு அது மட்டும் கொஞ்சம் இனித்தது.

பசிலிசா அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அங்கே கோபம் இல்லை.

"கட்டை அவுத்துப் பாத்தியா?"

அவர் கண் மேசை மேல் இருந்த கட்டுக்குப் போயிற்று.

"பாத்தவன் முழுசா பாத்திருக்கலாமே," என்றாள். பிறகு அடியிலிருந்த தாளை எடுத்து, அந்தக் காலத்துப் பாதிரியார் எழுதி வைத்ததைக் கடைக்குச் சாமான் எழுதிக் கொடுக்கிற குரலில் படித்தாள். "'காளவாய்க்காரன் ஹுவான் கார்சியாவும் அவன் மனைவியும் அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கக் கேட்டார்கள். கண்டெடுத்த பிள்ளைகளுக்கு எழுதுகிற வழக்கப்படி எக்ஸ்போசிதோ, அதாவது வெளியே போடப்பட்டவன், என்று எழுதப் போனேன். ஹுவான் கார்சியா மறித்தான். அந்தப் பெயரோடு போனால் பிள்ளையை ஊரே காலம் பூரா கேலி பண்ணும், கிடைத்த மேட்டின் பெயரை வையுங்கள், எங்கிருந்தோ வந்த பிள்ளையாகவாவது இருக்கட்டும் என்றான். அப்படியே எழுதினேன்.'"

தாளை மேசை மேல் வைத்தாள்.

"எங்களுக்குப் பேரு வச்சதே ஒரு கார்சியா. சோறு போட்டதும் கார்சியா. இத நான் போன மாசம்தான் கண்டுபிடிச்சேன். காஸ்பர்கிட்ட சொன்னேன், பேரை மாத்தாதடா, ஓர்னசால் முடிஞ்சாலும் பரவால்ல, குழந்தை கார்சியாவாவே இருக்கட்டும், அதுதான் நியாயம்னேன். சரின்னான். இங்க இதப் படிச்சிட்டு உன்ன முன்னாடி கூப்பிட்டு உக்கார வைக்கலாம்னு இருந்தேன், சத்தூர். உன்னத்தான் தேடிட்டு இருந்தேன்."

காஸ்பர் நெரேயாவின் கையைப் பிடித்து எழுப்பினான். வாசலைத் தாண்டுகிற வரை அவன் அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை காலை சத்தூரியோ முதல் பஸ்ஸைப் பிடித்து சோரியாவுக்குப் போனார். பதிவாளர் அலுவலக வாசலில் நின்றார். வேண்டாம்டா என்று சொல்லத்தான் வந்தார். எதை வேண்டாம் என்பது என்று வழியெல்லாம் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. பத்தரைக்குக் கதவு திறந்து காஸ்பர் வெளியே வந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"அம்மா வேணாம்னுதான சொன்னா?"

"அம்மா நேத்தும் வேணாம்னுதான் சொன்னா. சனிக்கிழம வரைக்கும் எனக்கும் அதுதான் சம்மதம்." காஸ்பரின் குரல் உயரவில்லை. "அனாதப் பயன்னு நீ கத்தினப்போ நெரேயா வயித்தப் பிடிச்சுக்கிட்டா, பாத்தியா? அந்தப் பயலுக்காக அன்னைக்கு ஒரு கார்சியா எழுந்து நின்னான். சனிக்கிழம ஒருத்தரும் நிக்கல. அதான் நான் நின்னேன்."

அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏறு என்று சொல்லவில்லை, அவரும் ஏறுகிறேன் என்று கேட்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் சத்தூரியோவுக்கு வயிறு எரிந்தது, வழக்கம் போலவேதான். ஆனால் இந்தத் தடவை ஓர்னசால் மேல் இல்லை. நிக்கானோர் மேலும் இல்லை. முன்னூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன காளவாய்க்காரன் ஹுவான் கார்சியா மேல்தான் எரிந்தது. அதே பெயர்தான் அவனுக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்துவிட்டுப் போயிருக்கிறான்!