பாஸ்வேர்டு இல்லாத வைஃபை

தென்காசியில் குற்றாலம் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். சுகந்திக்கு அங்கே ரிப்போர்ட் அடிக்கிற வேலை. போன மாதம் ஓனர் விஸ்வநாதன் மூன்று கம்ப்யூட்டரிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போடச் சொன்னார். போட்டவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சாம். புது வைஃபை ரூட்டரை மாட்டியதும் அவன்தான். ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றுகூட வைஃபையில் சேரவில்லை. சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் மறுபடி மறுபடி பாஸ்வேர்டே கேட்டது.

"லினக்ஸ்னா இப்படித்தான்க்கா. பாஸ்வேர்டை எடுத்துவிட்டா சட்டுனு சேந்துக்கிடும்" என்றான் சாம்.

"எடுத்தா ரோட்டுல போறவன்லாம் உள்ள வருவானே?"

"இங்கன யாருக்கா வரப் போறா?"

விஸ்வநாதன், "வேலை நடந்தாச் சரி" என்றார். சாம் எடுத்துவிட்டான்.

இருபது நாள் கழித்து முத்துவடிவு வந்தாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்பவள். மார்பில் ஒரு கட்டி என்று முந்தின நாள்தான் ஸ்கேன் எடுத்திருந்தாள். சுகந்தி நீட்டிய ரிப்போர்ட் கவரை அவள் வாங்கவில்லை.

"எனக்கு கேன்சராம்மா?"

"யாருக்கா சொன்னா?"

"மார்க்கெட்டு பூரா சொல்லுதாவ. விடியக்காலைல மூணு பேரு வந்து என் கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போறாவ. எனக்கு முந்தி அவியளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போனை நீட்டினாள். வியாபாரிகளின் வாட்ஸப் குரூப்பில் அவளுடைய ரிப்போர்ட் கிடந்தது. 'சந்தேகத்துக்குரிய கட்டி, மேற்கொண்டு சோதிக்க வேண்டும்' என்று சுகந்தியே அடித்த வரி. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த எவனோ வைஃபையில் நுழைந்து, திறந்து கிடந்த ஃபோல்டரிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

சுகந்தி மதியம் சாப்பிடப் போகவில்லை. கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த பிழைச் செய்தியைத் தேடி எடுத்து, தன் போனில் அதைப் போட்டுத் தேடினாள். விஷயம் சின்னது. ரூட்டர் புதுவகைப் பூட்டைத்தான் ஏற்பேன் என்கிறது. இந்தப் பழைய கம்ப்யூட்டர்களின் வைஃபை கார்டுக்கு அது தெரியாது. ரூட்டரில் அதற்கு முந்தின வகையான டபிள்யூபிஏ-2வைத் தேர்ந்து, நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைத்தாள். மூன்றும் சேர்ந்துகொண்டன. ஃபோல்டரையும் பூட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம்.

சாமை வரவழைத்தாள்.

"பத்து நிமிஷம்லே! லினக்ஸ் மேல பழியைப் போட்டியே, அது என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பாத்தியா? ஒரு பொம்பளையோட உடம்பு ஊர்ப் பேச்சாயிட்டு!"

பிறகு ஓனர் அறைக்குப் போனாள்.

"சார், முத்துவடிவு அக்காகிட்ட போய் நம்ம தப்புன்னு சொல்லணும்" என்றாள் ஓனரிடம்.

"நம்மகிட்ட இருந்துதான் போச்சுன்னு நாமளே ஏன் சொல்லணும்? ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

சுகந்தி பையை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரம் பஸ் ஏறினாள். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். முத்துவடிவு கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எட்டி உதைத்தாள்.

"உங்க முதலாளிக்கு இங்க வரக் காலு இல்லியோ?"

"வர மாட்டாருக்கா. போலீஸ்ல எழுதிக் கொடுங்க. சாட்சிக்கு நான் வாரேன்."

அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகாரில் முத்துவடிவின் பெயருக்குக் கீழே சுகந்தி கையெழுத்துப் போடும்போது விஸ்வநாதன் போனில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.