வெளிப் பேட்டரி

ரிமோட்டுக்கு நெட் கொடுக்கக் கூடாது. இரண்டு சகலைகளுக்கும் நடுவில் இருந்த ஒரே சட்டம் அதுதான். மருந்து கலப்பதில் யார் கை சுத்தம் என்பதிலிருந்து மாமனார் யாரை முதலில் சாப்பிடக் கூப்பிட்டார் என்பது வரைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் முட்டிக்கொள்வார்கள். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வாய்.

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் அவர்களுடையது. சின்ன சகலை முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுவார். அவருக்கு ஒரு கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது, உழுத மண்ணில் நடக்க வராது. பெரிய சகலை மருந்து கலந்து ஊற்றுவார், பேட்டரி மாற்றுவார். அவர் பாதி ஆயுசை முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு மருந்தடித்தே கழித்தவர்தான். அந்தப் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பார்ப்பது போல நடிப்பார். "இனிமே அந்த டேங்கை முதுகுல ஏத்தினீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மனைவியின் நகைகள் போய் மெஷின் வந்தது அதற்கப்புறம்தான்.

மெஷினோடு கம்பெனி கொடுத்த பேட்டரிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மிச்சம் இருந்தது ஒன்று. அதுவும் வயிறு ஊதி, பெட்டியின் அடியில் கிடந்தது. புதுசுக்குக் கம்பெனி சொன்ன விலை கைக்கு எட்டவில்லை. பேட்டரிக்காரர் ஒருவர் அதே அளவில், அதே பலத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. கையில் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்:

"ரிமோட்டுக்கு நெட்டைக் காட்டிடாதீங்க. ஒரு அப்டேட் சுத்திக்கிட்டு இருக்கு. அது ஏறிடுச்சுன்னா வெளி பேட்டரியை உள்ளயே விடாது."

அன்றிலிருந்து கைக்குழந்தையைப் பனியில் காட்டாதது போல அந்த ரிமோட்டைக் காப்பாற்றினார்கள்.

நேற்று சாயங்காலம் ரிமோட் மேசையில் சார்ஜில் கிடந்தது. சின்னவர் போனை உதறிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, உங்க போன்லேருந்து கொஞ்சம் நெட் விடுங்களேன். பொண்ணுக்கு ரிசல்ட் வந்திருக்காம். என்னுதுல சுத்திக்கிட்டே இருக்கு."

"உன் போனும் உன்னை மாதிரிதான், உட்கார்ந்த இடத்துல சுத்தும்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். பெண் பாஸ். சின்னவருக்குக் கண் கலங்கியது. இருவரும் டீ குடித்தார்கள்.

மெஷின் வாங்கிய அன்று, கடைப்பையன் அதைப் பதிவு செய்ய இதே போனிலிருந்துதான் நெட் எடுத்தான். பெரியவர் அதை மறந்துவிட்டார். ரிமோட் மறக்கவில்லை.

காலையில் மக்காச்சோள வயல். வயல்காரம்மா வரப்பிலேயே நின்றிருந்தாள். குருத்துக்குள் புழு. இலையெல்லாம் சல்லடை.

"வெயில் ஏறினா உள்ள போய்ப் பதுங்கிக்குதுங்க. அதுக்குள்ள முடிச்சிருவீங்களா?"

"நீங்க வீட்டுக்குப் போய் உலை வைங்கம்மா. கொதிக்கிறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார் சின்னவர். மகள் பாஸான தெம்பு.

பெரியவர் மருந்து கலந்து ஊற்றி, பேட்டரியைச் சொருகினார். நாலு பச்சை விளக்கும் எரிந்தன. ரிமோட்டிலிருந்து பெண் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அண்ணி.

"அங்கீகரிக்கப்படாத பேட்டரி. உங்கள் பாதுகாப்புக்காகப் பறத்தல் நிறுத்தப்பட்டுள்ளது."

"அண்ணிக்குக் காலையிலேயே கோபம்" என்றார் சின்னவர். கழற்றி வேறொன்றைப் போட்டார்கள். அதே வார்த்தை. இன்னொன்று. அதே வார்த்தை. சின்னவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அப்டேட் ஏறியிருக்குண்ணே. நேத்து சாயங்காலம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் வந்தாள்.

"பழையபடி மாத்த முடியாது சார். வெளி பேட்டரி தீப்பிடிக்கும், அதனாலதான்."

"இதுவரைக்கும் சூடு கூட ஆனதில்லம்மா" என்றார் பெரியவர்.

"உங்க பாதுகாப்புக்குத்தான் சார்."

"சரி, உங்க பேட்டரியே குடுங்க. எப்பாடுபட்டாவது வாங்கிக்கறோம்."

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க மாடலுக்கு நிறுத்திட்டாங்க சார். புது மெஷினுக்கு மட்டும்தான் வருது."

"அப்ப இதை நான் என்னம்மா பண்றது?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பெரியவர் போனை சின்னவரிடம் கொடுத்துவிட்டார்.

வெயில் வரப்பைத் தொட்டது. சின்னவர் பெட்டியின் அடியைத் துழாவி, ஊதிப்போன கம்பெனி பேட்டரியை எடுத்தார்.

"வேண்டாம்" என்றார் பெரியவர்.

"ரெண்டு வரிசை போனாலும் லாபம்ணே. பாதி மருந்தைத் திரும்ப வாளியில எறக்கிடுங்க."

ஊதலால் அது உள்ளே போக மறுத்தது. முழங்காலால் அழுத்திச் சொருகினார்கள். அண்ணி உடனே குளிர்ந்துவிட்டாள்.

"பேட்டரி சரிபார்க்கப்பட்டது. பாதுகாப்பாகப் பறக்கலாம்."

சின்னவர் சிரித்தார். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "செத்தாலும் சொந்தக்காரன் சொந்தக்காரன்தான்."

மெஷின் எழும்பியது. வரிசையின் மேல் வெள்ளைப் புகையாய் மருந்தை விட்டுக்கொண்டு போனது. வயலின் நடுவே சத்தம் திடீரென்று இறங்கியது. அண்ணி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் மெஷின் கல்லாய் விழுந்தது. பெரியவர் சோளத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். மெஷினின் இரண்டு கை முறிந்து, டேங்க் பிளந்து, மருந்து ஒரே செடியின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வயல்காரம்மா அங்கேயேதான் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எங்க வீட்டுல கை டேங்க் கிடக்கு. ஆள்தான் கிடைக்கல" என்றாள் மெதுவாக.

கலந்த மருந்து பாதி வாளியில் இருந்தது. நாளைக்கு வைத்தால் கெட்டுவிடும். ட்ரோனுக்குக் கலப்பது கெட்டியாக இருக்கும். கையால் அடிக்க வேண்டுமானால் தண்ணீர் விட்டு இளக்க வேண்டும். அந்த அரை வாளி டேங்க் டேங்காகப் பெருகும். பெரியவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

"எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

"அண்ணே, நான் அடிக்கிறேன்." சின்னவர் முக்காலியிலிருந்து எழுந்து, வரப்பிலிருந்து ஒரு அடி உள்ளே வைத்தார். உடனே சாய்ந்தார். பெரியவர் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

"டாக்டர் அப்படிச் சொல்லியும் டேங்கைத் தூக்கினீங்கன்னு வீட்டுல அக்காகிட்ட நான் எப்படிண்ணே சொல்றது?"

"உங்க அக்காகிட்ட நீ என்னைக்கு உண்மை சொல்லியிருக்க?"

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். டேங்க் முதுகில் ஏறியதும் பழைய தழும்பின் மேலேயே வார் வந்து உட்கார்ந்தது. ஒரு கை பம்பை அடிக்க, ஒரு கை குழாயைப் பிடிக்க, குருத்து குருத்தாகப் பார்த்து அடித்துக்கொண்டு போனார். மருந்து எதிர்க்காற்றில் முகத்துக்கே வந்தது. முதல் வரிசை முடிவதற்குள் துண்டு நனைந்தது. அடுத்ததில் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதத் தொடங்கினார்கள். நடுவில் ஒரு இடத்தில் நின்றார். இங்கே பார்ப்பது போல நடிக்கச் சுவர் இல்லை.

டேங்க் காலியாகி வரப்புக்கு வந்தார். சின்னவர் தண்ணீர் விட்டு இளக்கிய மருந்தோடு தயாராக இருந்தார். பக்கத்தில் பேட்டரிக்காரர் கட்டிக் கொடுத்த பேட்டரிகள், ஒவ்வொன்றிலும் நாலு பச்சை விளக்கு எரிய, அடுக்கியபடியே இருந்தன. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சின்னவரின் போன் அடித்தது.

"நாளைக்கு வரச் சொன்னாரே, அந்தக் கடலை வயல்காரர்." போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "ட்ரோன் வருமான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்ணே?"

பெரியவர் வாயைத் திறந்தார். விசில்தான் வந்தது. அடுத்த டேங்க் மருந்தை ஊற்றுவதற்கு வசதியாகத் திரும்பி நின்று, குனிந்து முதுகைக் காட்டினார்.