ஹில்ட்ரூன் சுமந்து போன வாள்

ஒரே மகன் ஓஸ்மர் வெட்டுப்பட்டுச் செத்த அன்று மாலை, ஐம்பத்தேழு வயது ஹில்ட்ரூனுக்கு மறுபடியும் பால் சுரந்தது. தினம் இரண்டு பானை. வீணாக்க மனமில்லாமல் வேலைக்காரிகள் அதை உறைய வைத்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். லேசாக உப்புக் கரித்தாலும் வாற்கோதுமை ரொட்டிக்கு நன்றாகவே பொருந்தியது என்று தின்றவர்கள் சொன்னார்கள்.

கொன்றவன் சதுப்புக்கு அக்கரையில் இருந்த விக்ஸ்டன். பழிவாங்க அவள் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் மிஞ்சவில்லை. தலைவனின் மண்டபத்தில் தேன்மது சுற்றி வரும்போதெல்லாம், பழிதீர்த்த மகன்களையும் அழுது ஓய்ந்த தாய்மார்களையும் பாடகன் டுட்டா பாடுவான். கேட்டுக் கேட்டு ஒருநாள் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அழுதது போதும் என்று மகனின் வாளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பால் சொட்டியது. இருபது பூனைகள் பின்னாலேயே போயின.

விக்ஸ்டனின் மனைவி பிரசவத்தில் போய் நான்கு நாளாகியிருந்தது. ஆட்டுப்பாலைத் துப்பித் துப்பி, குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஹில்ட்ரூன் மூச்சு வாங்க அவன் வீட்டு வாசற்கட்டையில் உட்கார்ந்தாள். வாளைப் பார்த்தும் அவன் ஓடவில்லை. மண்டியிட்டு, தலைவனுக்கு முன்னால் மட்டும் செய்கிற மாதிரி, இரண்டு கையையும் தலையையும் அவள் முழங்காலில் வைத்தான்.

“வெட்டிருங்கம்மா. இவனுக்கு ஒரு வாய் குடுத்துட்டு வெட்டுங்க.”

கழுத்து வாகாகத்தான் இருந்தது. அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பால் அவளைக் கேட்கவில்லை. சட்டையை நனைத்துக்கொண்டு வழிந்து, தானாகக் குழந்தையின் வாயைத் தேடிப் போனது. பிள்ளையை அள்ள இரண்டு கையும் வேண்டியிருந்ததால் வாளைக் கீழே வைத்தாள்.

குழந்தையோடு மண்டபத்துக்குத் திரும்பியவளைப் பார்த்து, ரத்தப் பாட்டோடு காத்திருந்த டுட்டாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

“பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்கிற, பழி என்னாச்சு?”

“அவன் என் மகன எடுத்தான். நான் அவன் மகன எடுத்துக்கிட்டேன். இதுல என்னய்யா குறை?”

மண்டபம் கொஞ்சநேரம் யோசித்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. கிண்ணங்களால் பலகையைத் தட்டி ஒப்புக்கொண்டார்கள். ரத்தம் வருகிற இடமெல்லாம் பாலைப் போட்டு டுட்டா பாடினான். மோனை இடித்தது, யாரும் பொருட்படுத்தவில்லை.

பாலில் இருந்த உப்புக் கரிப்பும் அன்றே போய்விட்டது. விக்ஸ்டன் மாதம் ஒருமுறை வந்து, அவள் முழங்காலில் தலையை வைத்துவிட்டு மகனைக் கொஞ்சிவிட்டுப் போவான். எட்டாம் மாதம் பையனுக்குப் பல் முளைத்தது. நறுக்கென்று கடித்தான். அந்தக் கடியோடு பால் நின்றது. ஓஸ்மரும் எட்டாம் மாதத்தில்தான் கடித்தான் என்று ஹில்ட்ரூன் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். வேலைக்காரிகள் பானைகளைக் கழுவிக்கொண்டு ஆடு கறக்கப் போனார்கள்.