வலது தோளில் செண்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. இரிஞ்ஞாலக்குடாவில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, முற்றத்தில் பெண்களின் செண்டைக் குழு பயிற்சி செய்யும். ஜலஜா முன்வரிசைக்காரி. இடது மார்பில் புற்றுநோய். அறுவையும் கீமோவும் முடிந்து திரும்பியிருக்கிறாள். செண்டையின் வார் இடது தோளில்தான் தொங்கும். அந்தத் தோளில் கனம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வரி: ‘முடி உதிர்ந்த அந்தப் பெண் கண்ணீருடன்...’

(விட்டுவிட்டேன். ஜலஜாவிடம் படித்துக் காட்டியபோது, “யாரு சாரே அழுதது? வாந்தியெடுத்தேன்னு எழுதுங்க, அது நிஜம்” என்றாள்.)

2

குழுத் தலைவி தங்கமணியைக் கெட்டவளாக்கத்தான் நினைத்தேன். ஆனால் கீமோ நாட்களில் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தான். கதை அங்கேதான் இடறுகிறது.

“மோளே, இந்தக் கோயில் பூரத்துக்கு நீ முன்னால பேனர் பிடிச்சு நட.”

“அதுக்கு ரெண்டு கம்பு போதும், சேச்சி. நான் வலது தோள்ல மாட்டிக்கிறேன். வீட்டுல அடிச்சுப் பழகிட்டேன்.”

“ஒரு செண்டை மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சா எல்லாரும் உன்னையேதான்டீ பார்ப்பாங்க.”

“மொட்டைத் தலையைப் பார்த்தவங்கதானே? செண்டையையும் பார்க்கட்டும்.”

3

முடிவு ஒன்று: எல்லாப் பெண்களும் வாரை வலது தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அதையும் படித்துக் காட்டினேன். ஜலஜா சிரித்தாள். “பாதிப் பேருக்குக் கோல் தப்பும். எனக்காக மேளத்தைக் கெடுப்பீங்களா?”

முடிவு இரண்டு: புன்னகையோடு பேனர் பிடிக்கிறாள். “அதுக்கு நோயே தேவலை.” இதற்கு அவள் சிரிக்கவில்லை.

முடிவு மூன்று: ‘நோயை வென்று அவள் முன்வரிசையில்...’ ‘வென்று’ என்ற சொல்லில் பேனா நின்றது. சிகிச்சை முடிந்தவரைப் பற்றி எழுதும்போது நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

“ஆறு மாசத்துக்கு ஒருக்கா டாக்டர் பார்த்துச் சொல்லுவார். நீங்க ஏன் சாரே முந்துறீங்க? நாளைக்கு நான் அடிக்கணும். அவ்வளவுதான்.”

4

நாளை பூரம். இன்று கடைசிப் பயிற்சி. வரிசை நிற்கும்போது முடிவு சொல்வதாகத் தங்கமணி சொல்லியிருந்தாள். கீழே ஏதோ வாக்குவாதம் நடந்து அடங்கியது. இப்போது மேளம் தொடங்கிவிட்டது.

சத்தத்தை வைத்து எந்தச் செண்டை எந்தத் தோளில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று குறைகிறதா என்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் நான் ஒரு முடிவை எழுதிவிடுவேன்.

நீங்கள் பாருங்கள்.