மாலையில்லாத படம்

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அடுப்படியிலேயே இருந்துடுங்க. சபையில வந்து நிக்க வேணாம்."

ரெங்கம்மாள் இதைச் சொன்னபோது தையல்நாயகி புளியோதரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் கிளறியது. மகள் யாழினியின் வளைகாப்புக்காக விடிவதற்கு முன்பே தென்னூரில் ஆட்டோ பிடித்து, ஏழு வகைச் சாதத்துக்கும் சாமான் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம் வந்தவள் அவள். புருஷன் போய்ப் பதினாறு வருஷம். ஒற்றை ஆளாய்ப் பெண்ணை வளர்த்து, எம்.எஸ்ஸி. படிக்கவைத்து, ரெங்கம்மாளின் மகன் சிவசங்கருக்குக் கட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு வளையல் போட மட்டும் அவள் கை ஆகாதாம். ஊருக்கே சோறு வடிக்க ஆகும்!

ரெங்கம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகப் பிராணி, அவ்வளவுதான். பாலில் தண்ணீரா, சிலிண்டரில் எடை குறைவா, மருமகள் போனில் யாரோடு சிரிக்கிறாள் என்று பொழுதெல்லாம் அதே நினைப்பு. எட்டு மாதமாக அந்தச் சந்தேகம் மொத்தமும் மாடியில் குடிவந்த குல்னாரா மேல் திரும்பியிருந்தது.

குல்னாரா அஜர்பைஜான்காரி. அறுபது வயது. பாகூ நகரத்தில் முப்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சர். சொந்தமாகக் கதைப் புத்தகங்களும் எழுதியவள். இளம் வயதில் மாஸ்கோவில் படித்தபோது கற்றுக்கொண்ட தமிழை விடாமல் பிடித்துக்கொண்டு, இப்போது தமிழ்க் கதைகளைத் தன் மொழியில் பெயர்க்கிறாள். அந்த வேலைக்காகத்தான் இங்கே வந்து தங்கியிருக்கிறாள். இதெல்லாம் ரெங்கம்மாளுக்குத் தெரியும். தெரிந்தால் நம்பிவிட வேண்டுமா என்ன?

"கதையை மொழிபெயர்க்கிறவ எதுக்குங்க நம்ம வாசக் கோலத்தைப் போட்டோ புடிக்கணும்? நான் என்ன கொழம்பு வெக்கிறேன்னு எதுக்கு நோட்டுல எழுதணும்? உளவு பாக்க வந்தவளோ என்னமோ!" என்று புருஷன் அழகிரியிடம் புலம்புவாள்.

"ஆமா, உன் வத்தக்கொழம்பு ரகசியத்தைக் கண்டுபுடிக்கத்தான் பாகூவுலேருந்து ஆள் அனுப்பிச்சிருக்காங்க" என்பார் அழகிரி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போகிற சாக்கில் ரெங்கம்மாள் குல்னாராவின் ஜன்னலுக்குள் ஒரு பார்வை விடுவாள். மேஜை மேல் மீசை வைத்த ஒரு மனிதரின் படம் இருக்கும். தினமும் காலையில் குல்னாரா இரண்டு கிளாஸ் டீ ஊற்றி, ஒன்றை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மற்றதைக் குடிப்பாள். படத்துக்கு மாலை இல்லை, குங்குமப் பொட்டு இல்லை, விளக்கு இல்லை. செத்தவர் படம் என்றால் இதெல்லாம் இல்லாமல் இருக்குமா? ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ரெங்கம்மாள் முடிவு கட்டினாள். விரலில் மோதிரம் வேறு, சிவப்பும் பச்சையுமாய் உடுப்பு வேறு. கட்டின புருஷனை அங்கே விட்டுவிட்டு இவள் இங்கே என்ன செய்கிறாள் என்பதில்தான் சந்தேகமே தவிர, சுமங்கலி என்பதில் துளியும் சந்தேகமில்லை.

அன்றைக்கு வளையல் போட ஏழு சுமங்கலிகள் வேண்டும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரவேண்டிய நாத்தனாருக்குத் திடீர்க் காய்ச்சல். ஆள் ஒன்று குறைந்தது.

"மாடியில இருக்காங்களே, அந்த வெள்ளைக்காரம்மா! அவங்களையே மொத வளையல் போடச் சொல்லு. போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்" என்றாள் ரெங்கம்மாளின் அக்கா கமலவேணி.

வெள்ளைத் தோலுக்குக் குலம் கோத்திரம் யார் கேட்கிறார்கள்? ஆள் போய்ச் சொன்னதும் குல்னாரா பச்சைப் பட்டுப்புடவையில் சந்தோஷமாய் இறங்கி வந்தாள். யாழினியின் கை நீர்கோத்து வீங்கியிருந்தது. குல்னாரா விரல்களைப் பக்குவமாய்க் குவித்து, கண்ணாடி வளையலை அங்குலம் அங்குலமாய் ஏற்றினாள். உள்ளே போவதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. பிறகு அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"யாழினியின் அம்மா எங்கே? முதலில் அவர் அல்லவா போட வேண்டும்?"

கமலவேணிதான் மெல்லச் சொன்னாள்: "அவங்க புருஷன் இல்லாதவங்க. போடக் கூடாதுங்க."

குல்னாராவின் சிரிப்பு மறைந்தது. "என் கணவரும் இல்லை. அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன."

ரெங்கம்மாள் மாடிப்பக்கம் கையைக் காட்டினாள். "அய்யய்யோ! அப்ப அந்தப் படம்? தெனமும் டீ வெக்கிறீங்களே! ஒரு மாலைகூடப் போடலையே!"

"அவருக்குத் தேநீர் மிகவும் பிடிக்கும். மாலை எதற்கு?"

"மொதல்ல அதைக் கழட்டுடி!" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினாள் கமலவேணி.

யாழினி மாமியாரிடம் கையை நீட்டினாள். அவள் குரல் உயரவில்லை. "கழட்டுங்க அத்தை. வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. ஒடைஞ்சா இன்னும் ஆகாதுன்னும் சொன்னீங்க. பரவால்ல, கழட்டுங்க."

ரெங்கம்மாளின் கை வளையல் வரைக்கும் போயிற்று, அப்படியே நின்றது. கழற்றினால் தோஷம், உடைந்தால் அதைவிடத் தோஷம், விட்டால் விதவை போட்ட வளையல். சாஸ்திரம் எல்லாப் பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டது.

"இதை எழுதினால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள்" என்றாள் குல்னாரா வருத்தத்தோடு. "பெற்ற தாயைச் சமையலறையில் நிறுத்திவிட்டு வளைகாப்பா? கிழவி தப்பாக மொழிபெயர்த்திருக்கிறாள் என்பார்கள்."

"அம்மா! வெளியில வா" என்று கூப்பிட்டாள் யாழினி.

தையல்நாயகி நிலைப்படியில் வந்து நின்றாள். "கையெல்லாம் எண்ணெயா இருக்குடி."

"இருக்கட்டும். வளையல் வழுக்கிட்டுப் போவும். வாம்மா."

அவள் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு வளையலை எடுத்து மகளின் விரல்களைக் குவித்தாள். ரெங்கம்மாள் தடுக்கத்தான் பாய்ந்தாள். ஆனால் அதற்குள் வளையல் பாதிக் கை ஏறி, விரல் முட்டியில் இறுகிக்கொண்டு நின்றது. இப்போது பிடித்து இழுத்தால் நொறுங்கும். நொறுங்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

ரெங்கம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"மெதுவா… மெதுவா போடுங்க சம்பந்தி" என்றாள். "ஒடைஞ்சிடாம பாத்துக்குங்க."