கடற்காற்றின் விளிம்பில்

ஆண்டின் பெரும்பகுதி மழைமுகில் காணாத தென்கடற்கரை அது. விடியலில் நிலத்திலிருந்து கடல்நோக்கி இறங்கி, பாய்களை விரித்து, படகுகளை வழியனுப்பி, வந்த வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும் நிலக்காற்று. பின்னர்க் கதிரவன் ஏறஏற, ஓடு வேய்ந்த கூரைகளும் கல் பாவிய தெருக்களும் காய்ந்து, அவற்றின்மேல் கிடந்த வளி சூடேறி விண்ணெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்து கனத்த காற்றொன்று, புகுந்த வீட்டுக்கு வரும் மருமகளைப்போல் முதலில் தயங்கியும் பிறகு முழு உரிமையோடும் ஊருக்குள் நுழையும். கற்றறிந்த அன்பர்களே, அந்நகரத்தார் நாழிகை பார்ப்பதில்லை. சாளரத்திரை எப்பக்கம் உப்புகிறதென்று பார்த்தே பொழுதை அறிந்துகொள்வர்.

அத்தகைய நண்பகல் ஒன்றில், கடற்கரைத் திடலிலிருந்து நீள்கயிற்றால் இழுத்து ஏற்றப்பட்டு, பொறியில்லா வானூர்தியில் தன்னந்தனியே மிதந்துகொண்டிருந்தாள் அந்நகரத்து அடுமனைக்காரி. விடியுமுன் எழுந்து மாவு பிசைந்த கைகள் இப்போது இயக்குகோலைப் பற்றியிருந்தன. கரைக்கு இணையாக மேற்கே, மலையடியில் உள்ள ஏரித்திடலை இடையில் எங்கும் இறங்காமல் அடைந்தால்தான், தனித்துப் பறக்கும் உரிமையைப் பறப்போர் மன்றம் அவளுக்கு நிலையாக வழங்கும். முதன்முறை முயன்றபோது முட்டைக்கோசு விளைந்த நிலத்தில் இறங்கினாள். மறுமுறை செங்கற்சூளை முற்றத்தில். இருமுறையும் கணவன் வண்டி கொண்டுவந்து, நிலத்துக்காரரிடம் ஏச்சு வாங்கி, அவளையும் ஊர்தியையும் மீட்டுச்சென்றான். இம்முறையும் தவறினால் அவ்வுரிமை கைநழுவிவிடும். நாற்பதைக் கடந்தபின் கண்டடைந்த இப்பெருமகிழ்ச்சியை இழக்க அவளுக்கு மனமில்லை.

பொறியில்லாதவர்க்குச் சுடுநிலத்தினின்று மேலெழும் வெப்பவளியே ஏணி. கடற்காற்று புகுந்தால் நிலம் குளிரும், ஏணி சரியும்; ஆகையால் அதைக் கண்டால் ஓடிவிடு என்பதே அக்கரைப் பறப்போர் கைவிடாத பாடம். கடையில் கூட்டம் மிகுந்ததால் அன்று அவள் காலந்தாழ்ந்தே கிளம்பியிருந்தாள். திரும்பிப் பார்த்தால், துறைமுகப் புகைக்கூண்டின் புகை அதற்குள் நிலம்நோக்கிச் சாய்ந்திருந்தது. உடனே ஊர்தியின் மூக்கை வடக்கே திருப்பி, கம்பியில்லாப் பேசியில் கணவனை அழைத்தாள்.

"என்னங்க, கேக்குதா? கடற்காத்து வந்துடுச்சு. நான் வடக்கால ஓடறேன்."

கீழே நெடுஞ்சாலையில், ஊர்தியேற்றும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த கணவன் திடுக்கிட்டான். "வடக்கயா? ஏரி மேற்கல்ல இருக்கு!"

"ஏரி எங்கயும் ஓடிடாது. காத்துதான் துரத்துது."

"சரிம்மா. இன்னைக்கு யாரு தோட்டம்னு முன்கூட்டியே சொல்லிடு, போய் மன்னிப்புக் கேட்டு வைக்கிறேன்."

சிரிக்க அவளுக்கு நேரமில்லை. வடக்கே சென்றும் ஏணி கிடைக்கவில்லை. உயரம் மட்டும் கரைந்தது. முன்னிருந்த ஏற்றங்காட்டி, ஏறும்போது கூவுவதும் இறங்கும்போது முனகுவதுமான அச்சிறு கருவி, முனகலை நிறுத்தவே இல்லை. அறுவடை முடிந்த வயலொன்றை மனத்துள் குறித்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை தெற்கே பார்த்தாள்.

அங்கே, மற்ற முகில்களுக்கெல்லாம் கீழே, கிழக்கிலிருந்து மேற்குவரை, கிழிந்த திரைபோல் மெல்லிய முகில்வரிசை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனடியில் நூற்றுக்கணக்கான தகைவிலான் குருவிகள், இறகடிக்காமலே, மேலே மேலே அள்ளப்பட்டுச் சென்றன. அடுப்பினுள் நுழைக்கும் தட்டைப்பலகை மாவுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடுவதை நாள்தோறும் காண்கிறவள் அவள். கனத்த கடற்காற்றும் வெப்பவளிக்கு அடியில் அப்படித்தானே புகும்? அப்படியானால் அதன் உள்ளே இல்லாவிடினும், விளிம்பில் ஏற்றம் இருந்தே தீரும்! அவ்விளிம்போ ஏரிக்குப் போகும் வழியாகவே நீண்டு கிடந்தது. இத்தனை நேரமும் அதற்கு முதுகைக் காட்டி ஓடியிருக்கிறாள்.

ஆனால் கணிப்புத் தவறினால், குறித்துவைத்த வயலுக்குத் திரும்பவும் உயரம் மிஞ்சாது. ஆயினும் கோலைச் சாய்த்துக் கடலைநோக்கித் திரும்பினாள்.

முனகல், முனகல், பின்னும் முனகல். மரங்களின் கிளைகள் தனித்தனியே தெரியலாயின. திடீரென ஊர்தி முழுதும் அதிர, இருக்கை அவளைக் கீழிருந்து உந்தித் தள்ள, ஏற்றங்காட்டி வீறிட்டுக் கூவியது!

"என்னங்க! ஏறுது! ஐயோ, ஏறுதுங்க!"

"எது ஏறுது? எங்க இருக்கே?"

"கடற்காத்து மேலயே உக்காந்திருக்கேன்! நீங்க சீக்கிரம் மேற்க வாங்க!"

இடப்புறம் ஈரமூட்டம், வலப்புறம் தெளிந்த வெயில், நடுவே அவள். வட்டமிடாமல், இறங்காமல், குருவிகளோடு குருவியாய் மேற்குநோக்கிப் பாய்ந்தாள். வாய்விட்டுக் கூவினாள், கேட்பாரில்லை என்பதால் பாடவும் செய்தாள். வயல்களும் சூளைகளும் காலடியில் பின்வாங்க, மலையடியில் ஏரி வெள்ளிபோல் ஒளிர்ந்தது. பெரிய வட்டமொன்று அடித்து, திடலின் நட்டநடுவே இறங்கினாள். அங்கே காத்திருந்த மன்றத் தலைவி ஓடிவந்து அவள் இருகைகளையும் பற்றிக் குலுக்கினாள்.

கணவன் வந்துசேர வெகுநேரமாயிற்று. வண்டியைவிட்டு இறங்கியவன், சொல்லவந்ததை மறந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். "போதுங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றவளும் அழுதாள்.

அதற்குள் நிலம் குளிர்ந்தது, கடற்காற்று தளர்ந்தது. தலைக்குமேல் அம்முகில்திரை இழை இழையாய்ப் பிரிந்து கரைந்துகொண்டிருந்தது. அவளைச் சுமந்துவந்த பாதைக்கு ஒரு பிற்பகலே வாழ்நாள். நாளை அது வேறிடத்தில் பிறக்கலாம், பிறவாமலும் போகலாம். வெறும் வானமாகும்வரை அவள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நன்றி சொல்ல எண்ணி, யாரிடம் சொல்வதென்று தெரியாமல், கடலிருந்த திசைநோக்கிக் கை கூப்பினாள்.