கேட்காத வழி

தெய்வநாயகம் பிள்ளை வீட்டை விட்டு இறங்கி மாதக்கணக்காகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, உடன்பிறந்தாள் பிள்ளைகளான மருமக்கள் தங்கள் பங்கைப் பிரிக்கச் சொன்னபோது, கோர்ட்டு வாசல் மிதிக்காமல் பிரித்துக் கொடுத்த குடும்பத் தலைவர், காரணவர் அவர். பழைய வீட்டை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டு, சுற்றிக் கிடந்த தென்னைவிளையை அக்காள் மகன் தாணப்பனுக்கு விட்டார். பத்திரம் எழுதியவர், வீட்டுக்கு நடைவழி என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டார்.

“என் வீட்டுக்கு நான் போக, மருமகன்ட்ட எழுதி வாங்கணுமா? நீரு மேல எழுதும் வே.”

அப்போது நாகர்கோவில் பெருத்துக்கொண்டிருந்தது. கச்சேரி குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கோட்டாற்றுச் சந்துகளில் வாடகைக்கு நெருங்கிக் கிடந்தார்கள். தாணப்பன் தென்னைகளை முறித்தான். கயிறு பிடித்து மனை பிரித்தான். செம்மண் ரோடு போட்டான். குரோட்டன்ஸ் செடியும் கண்ணாடி ஜன்னலுமாக ஓட்டு வீடுகள் எழும்பின. பழைய வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்த மனையை மராமத்து என்ஜினீயர் சுந்தரராஜ் வாங்கி, சுற்றிலும் மதில் கட்டினார். பழைய வீட்டுக்கு மிச்சமிருந்தது புறவாசல் கால்வாயின் மேல் கிடந்த ஒற்றைப் பனந்தடிதான். வேலைக்காரர்களுக்கு அது போதும். காரணவர் அதில் கால் வைப்பாரா?

ஏன் வழி விடவில்லை என்று தாணப்பனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “மாமா கேக்கலியே” என்றான்.

வழக்குப் போட்டால் வழி கிடைக்கும் என்றார் வக்கீல். ஆனால் வீட்டுக்கு வழியில்லை என்று பிராதில் எழுத வேண்டும். பிள்ளை அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

சுந்தரராஜ் கெட்டவர் அல்ல. பிள்ளைவாள் நேரில் ஒரு சொல் கேட்டால் மதிலையே இடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் பிள்ளை வீட்டிலிருந்து அந்தச் சொல் வராமல் விடமாட்டார். அந்த வீட்டுப் பல்லக்குக்கு முன்னால் ஆள் ஓடி “வழி, வழி” என்று கூவும்போது, சுந்தரராஜின் தாத்தா வயல் சேற்றில் இறங்கி நின்றிருக்கிறார். இரண்டு வீட்டிலும் அதை யாரும் மறக்கவில்லை.

மகள் உலகம்மைக்கு ஆரல்வாய்மொழியில் சம்பந்தம் நிச்சயமாயிற்று. பனந்தடி தாண்டிப் பெண்ணெடுக்க வரமாட்டோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

“பிள்ளைக்காகவாவது கேக்கப்பிடாதா?” என்றாள் மனைவி அழகியநாயகி.

“வழி எரந்தவன் மகள்னு நாளைக்கு அவளைச் சொல்லணுமா?”

அவள் பனந்தடியைத் தாண்டிப் போனாள். மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டது. மதிலில் கார் நுழையும் அகலத்துக்குத் திறப்பு. யார் போய்க் கேட்டது என்று பிள்ளை விசாரிக்கவில்லை.

முற்றத்துப் பந்தலில் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பெண்ணை அனுப்பும் நேரம், தகப்பனும் கூடப் போவதுதான் முறை. மதில் திறப்புவரை நிமிர்ந்து நடந்து வந்தவர், அங்கே நின்றுவிட்டார். சுந்தரராஜ் சந்தனத் தட்டோடு எதிரே வந்தார்.

“வாங்கோ பிள்ளைவாள். இனி இது உங்க வழி.”

“எனக்குத் தலை சுத்துது. நீங்கோ போயிட்டு வாங்கோ.”

காருக்குள்ளிருந்து உலகம்மை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை உயர்த்தவில்லை. செம்மண் புழுதி அடங்கும்வரை நின்றார்.

பந்தல் பிரித்த அன்றே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். திறப்பைத் தம் பக்கத்து மண்ணில் நின்று அடைக்க வேண்டும். அதற்கு ஒரு கல்கூட அந்த வழியாக வரக்கூடாது என்றார்.